எழுதுகோல் உயர்த்தப்பட்ட பருவம்

ஃபிக்ஹு நூல்களில் வணக்கத்தைப் பற்றிய எந்த இயலைத் திறந்தாலும் அதன் வாசலில் ஒரு சொல் நிற்கக் காணலாம். ‘முகல்லஃப்’ என்பது அச்சொல். கடமை சுமத்தப்பட்டவர் என்பது அதன் பொருள். தொழுகையாயினும் நோன்பாயினும், பருவமடைந்து அறிவு தெளிந்தவர் மீதே அது கடமை என்று சொல்லிவிட்டுத்தான் நம் இமாம்கள் மேலே செல்வார்கள். அந்த வாசலுக்கு வெளியே மூவர் நிறுத்தப்பட்டுள்ளனர். உறங்குபவர் ஒருவர், சித்தம் கலங்கியவர் ஒருவர், பருவமெய்தாத சிறு பிள்ளை ஒருவர். இம்மூவரைவிட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது, அதாவது அவர்கள் செய்யும் பிழை பாவமென ஏட்டில் பதிவதில்லை, என்னும் கருத்துடைய நபிமொழியை மதரஸாவில் முதலாண்டு ஓதும் மாணவரும் அறிவார்.

அறிந்திருந்தும், அதிலிருந்து எழுகின்ற ஒரு வினாவை நாம் நமக்குள் கேட்டுக்கொள்வதில்லை. பிள்ளையின் ஏட்டில் குற்றமென்று ஒன்றும் எழுதப்படுவதில்லை என்றால், நாம் வீட்டில் எதற்காக அதனைத் தண்டிக்கிறோம்? படைத்தவன் கணக்கில் சேர்க்காத ஒன்றைப் பெற்றவர்கள் கணக்கில் சேர்ப்பது எந்த நியாயத்தில்? நான்கு வயதுப் பிள்ளை பால் தம்ளரைத் தட்டிவிடுகிறது, தங்கையைக் கிள்ளுகிறது, கடைத்தெருவில் தரையில் விழுந்து புரண்டு அழுகிறது, செய்ததைச் செய்யவில்லை என்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் நம் கை உயருகின்றபோது, எந்த எழுதுகோல் உயர்த்தப்பட்டதோ அதனை நாம் பிடித்து இழுத்துக் கீழே இறக்குகிறோம் என்றுதான் கொள்ளவேண்டியிருக்கிறது.

மூவரில் பிள்ளையை உறங்குபவரோடு சேர்த்து வைத்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பக்கத்தில் படுத்திருப்பவர் உறக்கத்தில் காலால் உதைத்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? சினந்து திருப்பி உதைப்பதில்லை. வலி என்னவோ அதே வலிதான். ஆயினும் உதைத்தவர் அதில் இல்லை என்பது நமக்குத் தெரியும். சற்றே விலகிப் படுக்கிறோம், அல்லது அவர் காலை மெல்ல எடுத்து அப்பால் வைக்கிறோம். அவர் விழித்தாக வேண்டுமென்றால் பெயர் சொல்லி அழைக்கிறோம். பிள்ளையின் உறக்கமோ ஓரிரவில் கலைவதன்று. வேறு அடையாளம் தோன்றாவிட்டால் பதினைந்து சந்திர ஆண்டு நிறையும்போதே பருவம் எய்தியதாக ஷாஃபிஈ மத்ஹபில் கொள்ளப்படும். அத்தனை ஆண்டுகள் சிறிது சிறிதாக நடைபெறுகின்ற விழிப்பு அது. தன்னை அடக்கிக்கொள்வதற்குரிய முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று இன்றைய மருத்துவம் கூறுகின்றது. ஆறு வயதுப் பிள்ளையிடம் ‘உனக்குப் புத்தி இல்லையா?’ என்று அதட்டுகிறோமே, அந்த வினாவிற்கு ‘இன்னும் வரவில்லை’ என்பதுதான் நேரிய விடை.

நாட்டின் சட்டமும் இதை ஒட்டியே நிற்கின்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 82ஆம் பிரிவில், ஏழு வயதிற்குக் குறைந்த பிள்ளை செய்யும் எச்செயலும் குற்றமாகாது என்று வைத்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 20ஆம் பிரிவில் அதையே வைத்திருக்கிறது. நம் ஃபகீஹுகள் ‘தம்யீஸ்’ எனப்படும் பகுத்தறியும் பருவத்தைப் பெரும்பாலும் ஏழு வயதோடு இணைத்துப் பேசுவார்கள் என்பதையும் உடன் வைத்துப் பார்க்கலாம். கொலையே நேர்ந்தாலும் நீதிமன்றம் குற்றமென்று கருதாத வயதில், உடைந்த கண்ணாடி தம்ளருக்காக வீட்டில் ஒரு நீதிமன்றம் கூடிவிடுகிறது!

பாவம் இல்லை என்றால் பிள்ளை எதை உடைத்தாலும் உடைக்கட்டும் என்பதா? இல்லை. பிறர் பொருளைப் பிள்ளை அழித்துவிட்டால் ஈடு கொடுத்தாக வேண்டும். பிள்ளைக்குப் பொருள் இருந்தால் அதிலிருந்து எடுத்து வலீ அதனைச் செலுத்த வேண்டும் என்று சட்டநூல்கள் கூறும். ஆனால் அது அழிந்த பொருளைப் பற்றிய சட்டம். அழித்தவரின் நெஞ்சைப் பற்றியதன்று. பழி வேறு, ஈடு வேறு என்று அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்த மரபு நம்முடையது. பால் கொட்டினால் ஒரு துணியை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, தானும் குனிந்து துடைக்கின்ற தாய் அந்தச் சட்டத்தை ஓதாமலே நிறைவேற்றுகிறாள். அங்கே ஈடு நடந்துவிட்டது. பழிக்கு வேலை இல்லை.

இதைவிடக் கடுமையான ஒன்று நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழ்கிறது. அடம்பிடிக்கும் பிள்ளையை அடக்க ‘அல்லாஹ் கண்ணைக் குத்திவிடுவான்’ என்கிறார்கள். ‘நரகத்தில் போடுவான்’ என்கிறார்கள். சோறு உண்ண மறுத்ததற்கு நரகம்! சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தால் சொல்வதில்லை. அவர்களுடைய தாயும் அவர்களிடம் அப்படித்தான் சொல்லியிருப்பாள். எனினும் அது என்ன வகையான சொல் என்று பாருங்கள். தான் எழுதவில்லை என்று எவன் அறிவித்துவிட்டானோ, அவன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்கிறோம். பிள்ளையிடம் சொல்லப்படும் பொய்களில் ஏனையவை மனிதரைப் பற்றியவை. இது அல்லாஹ்வைப் பற்றியது. ரஹ்மான், ரஹீம் என்று காலையில் ஓதக் கொடுத்த நாவே மாலையில் கண்ணைக் குத்துபவன் என்று சொன்னால், பிள்ளை இரண்டில் எதை நம்பும்? அச்சமே ஆழப் பதியும் என்பது மக்தபில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் எவருக்கும் தெரிந்த செய்தி.

எழுதுகோல் பிள்ளையை விட்டுத்தான் உயர்த்தப்பட்டது; நம்மை விட்டு உயர்த்தப்படவில்லை. இதை விளக்க நீண்ட வாதம் வேண்டியதில்லை. அபூதாவூதில் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சி போதும். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராயிருந்த காலம். அவர்களுடைய வீட்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீற்றிருந்தார்கள். வெளியே இருந்த சிறுவரைத் தாயார், ‘வா, உனக்கு ஒன்று தருகிறேன்’ என்று அழைக்கிறார். என்ன கொடுக்க எண்ணினீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவுகிறார்கள். பேரீச்சம்பழம் என்று தாயார் கூறுகிறார். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று அறிவிக்கிறார்கள்.

வீட்டில் மூவர் இருந்தனர். அழைக்கப்பட்டது பிள்ளை. ஆயினும் எழுதுகோல் யார் பக்கம் திரும்பியது என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் நடத்தையைப் பற்றிய பேச்சே அங்கு எழவில்லை. ஒரு பழத்தின் அளவிலான வாக்குறுதிதான் விசாரிக்கப்பட்டது. நம் நாளில் பிள்ளைக்கு அளிக்கப்படும் வாக்குறுதிகளை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு நடுங்கும். ‘ஊசி வலிக்காது’, ‘உம்மா இப்போதே வந்துவிடுவேன்’, ‘நாளைக்குக் கடற்கரைக்குப் போகலாம்’, ‘இதைத் தின்றால் செல்பேசி தருகிறேன்’. இவற்றுள் எத்தனை நிறைவேற்றப்படுகின்றன? பிறகு அதே பிள்ளை ஏழு வயதில் ஒரு பொய் சொல்லிவிட்டால், இதை எங்கே கற்றாய் என்று கேட்கின்றோம்!

இனி இக்கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஹஜ்ஜுப் பயணத்தின்போது ரவ்ஹா என்னும் இடத்தில் ஒரு மாது தம் குழந்தையை உயர்த்திக் காட்டி, இதற்கும் ஹஜ் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார். உண்டு என்றும், உமக்கு அதற்கான நற்கூலி உண்டு என்றும் விடை கிடைத்தது. தீமை எழுதப்படாத பிள்ளைக்கு நன்மை எழுதப்படுகிறது என்று நம் அறிஞர்கள் இதிலிருந்து விளங்கிக்கொண்டனர். எத்துணை வியப்பான கணக்கு! வரவு மட்டும் உண்டு, பற்று இல்லை. நம் வீட்டுக் கணக்கோ இதற்கு நேர்மாறானது. காலையில் தானாக எழுந்து பல் துலக்கிய பிள்ளையை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை; தம்பிக்குத் தின்பண்டத்தில் பாதி கொடுத்ததை எவரும் குறித்து வைப்பதில்லை. சுவரில் கிறுக்கினால் மட்டும் நான்கு பேர் ஓடி வருவார்கள். பெற்றோர் முகத்தைத் தன் பக்கம் திருப்ப வேண்டுமானால் கிறுக்கத்தான் வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்வதில் வியப்பென்ன இருக்கிறது?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் நாற்பது நூல்களுள் இருபத்திரண்டாவதில், மனத்தைப் பக்குவப்படுத்துவதைப் பற்றிப் பேசிவருகையில், பிள்ளைகளைப் பயிற்றுவதற்கென்று ஒரு தனிப் பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். பிள்ளையிடம் நற்குணமொன்று வெளிப்படும்போது பலர் அறியப் பாராட்டச் சொல்கிறார்கள்; மகிழும்படி ஏதேனும் கொடுக்கச் சொல்கிறார்கள். தவறொன்று ஒரு தடவை நிகழ்ந்தால் காணாதது போல இருந்துவிட வேண்டும் என்கிறார்கள். அதிலும் பிள்ளை தானே அதை மறைக்க முயலுமானால் கட்டாயம் கண்டுகொள்ளக்கூடாது. ஏனெனில் வெளிப்படுத்திவிட்டால் கூச்சம் போய்விடும். அதன்பின் வெளிப்படையாகவே செய்யத் துணிந்துவிடும். திரும்பவும் செய்தால் தனியே அழைத்துக் கண்டிக்கலாம். ஆனால் ஓயாமல் கண்டிப்பது கூடாது. பேச்சுக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதிற்குப் பேச்சின் எடை குறைந்துவிடும் என்கிறார்கள். ஓதி முடித்த பிள்ளையை விளையாட விடாமல் மேலும் மேலும் படி என்று நெருக்கினால் அதன் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கிவிடும், தப்பிக்கத் தந்திரம் தேடும் என்பதும் அங்கே இருக்கிறது. 1111ஆம் ஆண்டில் மறைந்த பெரியவரின் எழுத்து இது. எல்.கே.ஜி. முடித்த பிள்ளையை மாலையில் இரண்டு டியூஷனுக்கு அனுப்பும் நம்மவர் இதைப் படித்திருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் கூறும்போது ஒரு நபிமொழியை எடுத்து எதிரே வைப்பார் உண்டு. ஏழு வயதில் பிள்ளையைத் தொழுமாறு ஏவுமாறும், பத்து வயதில் அதற்காக அடிக்குமாறும் கூறும் அறிவிப்பு அது. அதனைக் கண்டுகொள்ளாமல் கடந்து செல்வது நேர்மையன்று, நின்று பார்ப்போம்.

முதலாவது, அது பேசுவது தொழுகையைப் பற்றி. இஸ்லாத்தின் தூணாகிய ஒன்றைப் பற்றி. வீட்டுப்பாடத்தைப் பற்றியோ தம்ளரைப் பற்றியோ அன்று. இரண்டாவது, ஏழிற்கும் பத்திற்கும் இடையே மூன்றாண்டு இருக்கிறது. சந்திர ஆண்டிற்கு 354 நாள் என்றால் மூன்றாண்டில் 1062 நாள். நாளொன்றுக்கு ஐந்து வேளை. ஆக, 5310 தடவை அன்போடு அழைத்துப் பார்த்த பின்னரே அந்நபிமொழியின் பிற்பகுதி வாய் திறக்கிறது. ஐயாயிரத்து முந்நூறு தடவை ஒரு தந்தை பிள்ளையின் கைப்பிடித்துப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்றிருந்தால், அடிக்க வேண்டிய தேவை எஞ்சியிருக்குமா? தான் தொழாமல் பிள்ளையைத் தொழச்சொல்லி அதட்டுகின்ற தந்தைக்கு இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது, பத்து வயதிற்குக் கீழே உள்ள பிள்ளையின் மீது கைவைக்க அதில் இடமே இல்லை. நம் வீடுகளிலோ அடியை அதிகமாக வாங்குவது மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளே. பத்து வயதாகிவிட்டால் ஓடத் தெரிந்துவிடும்.

அந்த அடியும் எத்தகையது? காயம் உண்டாக்காதது, கடுமையற்றது, முகத்தில் படாதது என்று வரையறுத்தார்கள். இந்த இடத்தில் சட்ட அறிஞர்களின் மன்னர் எனப் போற்றப்பட்ட இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் ஒரு வினாவை எழுப்புகிறார்கள். 1262இல் மறைந்தவர்கள். கடுமையாக அடித்தாலன்றித் திருந்தாத பிள்ளையை என்ன செய்வது? கடுமையாக அடிக்கலாமா? கூடாது என்கிறார்கள். இதுவரை எவரும் எதிர்பார்க்கக்கூடியதே. அடுத்து அவர்கள் வைக்கும் அடிதான் நம்மைத் தடுத்து நிறுத்துவது. அப்பிள்ளையை மெல்ல அடிப்பதும் கூடாது என்கிறார்கள்! காரணமும் தருகிறார்கள். மெல்லிய அடியும் தன்னளவில் ஒரு தீங்குதான். திருத்தம் என்னும் பயனுக்கு வழியாக அமைவதால் மட்டுமே அது அனுமதிக்கப்பட்டது. பயன் விளையாது என்று தெரிந்துவிட்டால் வழியும் அடைபட்டுவிடுகிறது. மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய ஃபத்ஹுல் முஈன் நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மதரஸாக்களிலும் ஓதப்பட்டு வந்த நூல். மாற்றுக் கருத்துண்டு என்பதைக் குறித்துவிட்டு, இந்தத் தீர்ப்பையே அதுவும் தேர்ந்துகொண்டது. தொழுகை இயலின் தொடக்கத்திலேயே வருகின்ற இடம் அது. ஓதியவர்கள் எல்லாரும் கடந்து வந்த பக்கம்.

அச்சிறு வாசகத்தின் ஆழம் இதுதான். பிள்ளையை அடிப்பது குற்றத்திற்கான கைம்மாறு என்றால் பயன் விளைந்தாலென்ன, விளையாவிட்டாலென்ன, அடித்தே தீரவேண்டும். ஹத்துகள் அப்படித்தான், கிஸாஸும் அப்படித்தான். பயன் இல்லையேல் அடியும் இல்லை என்று இமாம் சொல்லிவிட்டதால், பிள்ளைக்குத் தரப்படுவது தண்டனையே அன்று என்றாகிறது. ஆகவே நாம் தொடக்கத்தில் கேட்ட வினாவிற்கு அவர்கள் விடை தந்துவிட்டார்கள். நேற்று நடந்ததைப் பற்றிய கணக்குத் தீர்ப்பிற்குப் பிள்ளையிடம் இடமில்லை. நாளை எப்படி நடக்கும் என்பது ஒன்றே நம் கவலையாக இருக்கலாம். அவ்வளவையும் ஒப்புக்கொண்டால், தந்தையர் அடிப்பதில் நூற்றுக்கு எத்தனை இந்த அளவையில் தேறும்? கைமீறிய சினத்தில் விழுந்த அடியில் நாளையைப் பற்றிய எண்ணம் ஏது? வெளியில் எவரோ அவமதித்த வெப்பத்தை வீட்டிற்குக் கொண்டுவந்து பிள்ளையின் முதுகில் இறக்கி வைக்கும் மனிதரை நாம் அறியோமா?

பயன் என்ன என்பதையும் ஒருவர் ஆராய்ந்து வைத்திருக்கிறார். இப்னு கல்தூன் (1332–1406) முகத்திமாவில், மாணவர்களிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குக் கேடு என்றே ஓர் அத்தியாயம் வரைந்தார். அடக்குமுறையில் வளர்ந்த பிள்ளையின் உள்ளம் சுருங்கிவிடுகிறது, சோம்பல் பிடிக்கிறது, கை ஓங்கிவிடுமோ என்ற அச்சத்தால் உள்ளத்தில் இல்லாததை வெளியில் காட்டப் பழகிவிடுகிறது, அப்பழக்கமே பின்னர் குணமாகிவிடுகிறது என்று வரிசையாக விளைவுகளைக் காட்டிச் செல்கிறார். ஒடுக்கப்பட்ட சமூகங்களிலும் இதுவே நிகழ்கிறது என்று வீட்டிலிருந்து நாட்டுக்குத் தாவுகிறார். அடி பொய்யைப் போக்காது, பொய்யை உண்டாக்கும் என்பது அவர் முடிவு. ஓதும் பிள்ளைகளிடையே பல ஆண்டு இருந்தவர் எவரும் இதனை மறுக்கமாட்டார். ‘ஸபக்’ ஒப்புவிக்கவில்லையா என்றவுடன் வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளை எந்தப் பெஞ்சிலிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பிரம்பு ஓங்கும் வீட்டிலிருந்தோ பிரம்பு ஓங்கும் உஸ்தாதிடமிருந்தோ வந்திருக்கும்.

இங்கே நம் இனத்தைச் சேர்ந்தவர்களுக்கு, மக்தப் ஆசிரியர்களைச் சொல்கிறேன், ஒரு செய்தி. கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் நிறைவேறியபோது அதன் 17ஆம் பிரிவு பள்ளிகளில் உடல் தண்டனையையும் மன உளைச்சலையும் தடை செய்தது. 2012இல் வந்த திருத்தம், மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்திலிருந்து விலக்கிவைத்தது. விலக்கு வேறு நோக்கத்திற்காக அளிக்கப்பட்டது. அதைப் பிரம்புக்குக் கிடைத்த உரிமச்சீட்டாக எவரேனும் எண்ணியிருந்தால் அது பேதைமை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரையும் விட்டுவைக்கவில்லை என்பது ஒருபுறம் இருக்க, இப்னு அப்துஸ்ஸலாம் நமக்கு எந்த விலக்கையும் அளிக்கவில்லையே!

பிள்ளையின் மனநிலையைப் பற்றிப் பேசுவோர், அதெல்லாம் மேனாட்டார் புதிதாய்க் கண்ட கல்வி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அபூ உமைர் என்ற சிறுவர், அனஸ் (ரலி) அவர்களின் தம்பி, ஒரு சிறு பறவையை வளர்த்து வந்தார். அது இறந்துபோயிற்று. சிறுவர் வாட்டமாயிருந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வீட்டிற்கு வந்தபோது சிறுவரைப் பெயரோடு விளித்து, அப்பறவை என்னாயிற்று என்று எதுகைபட வினவினார்கள். ஒரு குருவிதானே என்று சொல்லவில்லை; வேறொன்று வாங்கித் தருகிறேன் என்றும் அழுகையை அடைக்கவில்லை. பிள்ளை எதைப் பற்றி வருந்துகிறதோ அதைப் பற்றியே பேசினார்கள். நான்காம் ஹிஜ்ரி நூற்றாண்டின் ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து அறுபது பயன்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். இறந்துபோன ஒரு குருவியிலிருந்து அறுபது! நம்முடைய பிள்ளை ஒரு பொம்மை உடைந்ததென்று அழும்போது நாம் செய்வது, செல்பேசியைக் கையில் திணித்து வாயை மூடுவது. அழுகை நிற்கிறது, துயரம் எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

தமிழ் மரபும் இவ்வகையில் வறியதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கியத்தில் பிள்ளையின் வளர்ச்சி பத்துப் பருவங்களாகப் பகுக்கப்படும். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அவற்றுள் ஒன்று சிற்றில். சிறுமியர் மணலில் கட்டிய சிறு வீட்டைச் சிறுவன் காலால் சிதைக்க வருவான். சிதையாதே என்று அவர்கள் இறைஞ்சுவார்கள். குறும்பைக் குற்றமென்னாமல் பருவம் என்று பெயரிட்ட நுண்ணறிவு அது. நம் புலவர்களும் நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். இன்னும் முன்னே சென்றால், பாண்டியன் அறிவுடை நம்பி பாடியதாகப் புறநானூற்றில் 188ஆம் பாட்டு இருக்கிறது. குறுகுறு நடந்துவந்து, நெய்ச்சோற்றில் கையை விட்டு, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைக் காட்டி, அக்காட்சி இல்லாத செல்வர் வாழ்வு என்ன வாழ்வு என்று கேட்பது அதன் கருத்து. மதீனாவில் உமர் இப்னு அபீஸலமா (ரலி) என்ற சிறுவர், நாயகம் (ஸல்) அவர்களின் வளர்ப்பில் இருந்தவர், அவர்களோடு ஒரே தட்டில் உண்ணும்போது கையைத் தட்டெங்கும் அலையவிட்டார். பாண்டியன் மகிழ்ந்து பார்த்த அதே கை! அங்கே அச்சிறுவருக்குக் கிடைத்தவை மூன்று சிறு அறிவுரைகள். பெயர் சொல்லித் தொடங்கு, வலக்கையால் உண், உனக்கு முன்னுள்ளதை உண் என்பவை அவற்றின் சாரம். தட்டை இழுக்கவில்லை, சிறுவரை எழுப்பிவிடவில்லை. அன்று முதல் தாம் அவ்வாறே உண்டு வந்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அடித்துச் சொன்னவை அவ்வளவு காலம் நிற்பதை நாம் கண்டதில்லை.

கண்டிப்பே வேண்டாம் என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. கேட்டதையெல்லாம் கொடுப்பதைப் பாசமென்று எண்ணி, வளைகுடாவிலிருந்து வரும்போது பெட்டி நிறையப் பொருளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, ‘பிள்ளை மனம் நோகக்கூடாது’ என்னும் தந்தையரும் நம்மிடையே உண்டு. அவர்களும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. தம் பிரிவின் குறையையே பார்க்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் பேரர் ஹஸன் (ரலி) சிறு பிராயத்தில் ஸதக்காவாக வந்த பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து வாயிலிட்டபோது, உடனே துப்பச் செய்தார்கள். ஒரே ஒரு பழந்தானே என்று விடவில்லை. அதே மூச்சில், நாம் ஸதக்கா உண்பவர்கள் அல்லர் என்பதை நினைவூட்டினார்கள். தடுக்கவேண்டியதைத் தடுத்தார்கள், ஏன் என்றும் சொன்னார்கள். வாயிலிட்டதற்காகப் பிள்ளையைப் பழிக்கவில்லை. தடையும் பழியும் இருவேறு பொருள்கள் என்பது நம்மில் பலருக்கு விளங்குவதே இல்லை.

அனஸ் (ரலி) அவர்கள் ஒரு நாள் ஒரு வேலையாக அனுப்பப்பட்டார்கள். தெருவில் சிறுவர் விளையாடிக்கொண்டிருந்தனர்; அங்கேயே நின்றுவிட்டார்கள். எவரோ பின்னாலிருந்து பிடரியைப் பற்றினார்கள். திரும்பினால், நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பெயரைச் செல்லமாகச் சுருக்கி அழைத்து, சொன்ன இடத்திற்குப் போனாயா என்கிறார்கள். இதோ போகிறேன் என்கிறார் சிறுவர். வேலையும் விடப்படவில்லை, விளையாட்டும் குற்றமாக்கப்படவில்லை. பிடரியைப் பற்றிய கை உண்டு. அந்தக் கையோடு வந்த முகம் சிரித்த முகம். பத்தாண்டுப் பணியில் தம்மை ஒரு தடவையும் ‘சீ’ என்றதில்லை என்று அவர்கள் பிற்காலத்தில் கூறியது இவ்வாறான நாட்களின் கூட்டுத்தொகை.

சட்டநூலுக்கே திரும்புவோம். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், திருத்துவதற்காகத் தண்டித்தவரின் கையால் கேடு நேர்ந்துவிட்டால் அவர் ஈடுகட்ட வேண்டியவரே என்று வருமிடத்தில், தந்தை போன்ற பொறுப்பாளரும், ஆட்சியாளரும், கணவரும், ஆசிரியரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டுள்ளனர். பெற்றவன் என்ற தகுதி அந்த வரிசையிலிருந்து ஒருவரையும் வெளியே எடுத்துவிடவில்லை. உயிருக்கும் உறுப்புக்கும் கேடு வராத அடிகளுக்கு உலகில் ஈட்டுத்தொகை இல்லாமல் போகலாம். வரம்பு மீறிய அடியும், நாலு பேர் முன்னிலையில் சொன்ன இழிசொல்லும் அடியாரின் உரிமை என்னும் கணக்கில் சேர்ந்தே தீரும். அக்கணக்கை உரியவர் மன்னித்தாலன்றித் தீர்வில்லை என்பதும் நாம் அறிந்ததே.

அடிவாங்கிய பிள்ளையோ, அஸருக்கு அழுததை மஃரிபுக்குள் மறந்துவிடுகிறது. விளக்கேற்றும் வேளையில் அதே வாப்பாவின் மடியில் வந்து தலைவைத்துப் படுத்துக்கொள்கிறது. அதையே மன்னிப்பு என்று எண்ணி நாமும் ஆறுதலடைந்துவிடுகிறோம். ஆனால் பருவமெய்தாதவர் தமக்குச் சேரவேண்டிய உரிமையை விட்டுக்கொடுத்தால் அந்த விட்டுக்கொடுத்தல் செல்லாது என்று ஃபகீஹுகள் எழுதியிருக்கிறார்கள். பிள்ளையின் சார்பில் அதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் வலீக்கும் இல்லை. இங்கே வலீயே கடன்பட்டவர். மடியில் உறங்கும் பிள்ளைக்கு ஐந்து வயது என்றால், அதன் வாயிலிருந்து வருகின்ற மன்னிப்பு சட்டப்படி செல்லுபடியாக இன்னும் ஏறத்தாழப் பத்தாண்டு இருக்கிறது.